இரண்டும் நலம்

கோபன்ஹேகன்
மார்ச் 2, திங்கட்கிழமை

அன்புள்ள ரோயிக்கு,

எல்ஸ்பா எழுதுகிறேன். நீயும் கப்பலில் உள்ள மற்றவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். வயிறு மட்டும் ஐந்து மாதத்திலேயே எட்டு மாதம் மாதிரி இருக்கிறது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் மூச்சு முட்டுகிறது.

இதை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். கப்பலுக்கு வரும் மின்னஞ்சலை முதலில் கேப்டன் படிக்கிறார். அப்புறம் அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறார். உன் கைக்கு வருவதற்குள் இருபத்தாறு பேருக்கும் என் வயிற்றின் சுற்றளவு தெரிந்துவிடும். உங்கள் கப்பலில் புதிதாகச் சேரப்போகும் மெக்கானிக் நாளை இந்த ஊர் வழியாகத்தான் வடக்கே போகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் பார்க்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

சனிக்கிழமை நீ போன் செய்தபோது நான் பாதி சொல்வதற்குள் கப்பல் போனில் உனக்குக் கொடுக்கும் பத்து நிமிடம் முடிந்துவிட்டது. ஆபரேஷன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நீ "செய்யச் சொல்லு, செய்யச் சொல்லு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். என்ன செய்யச் சொல்கிறோம் என்று உனக்கும் தெரிய வேண்டும் அல்லவா, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஸ்கேனுக்காக நம் தீவிலிருந்து தோர்ஷவ்ன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலைப் படகைப் பிடிக்க வேண்டும் என்று பஸ்ஸை நானே துறைமுகம் வரை ஓட்டி, அங்கேயே சாவியை இன்னொரு டிரைவர் ஓலவிடம் கொடுத்தேன். மாலை சர்வீஸுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். இன்னும் சாவி அவனிடம்தான் இருக்கிறது.

தோர்ஷவ்ன் டாக்டர் எப்போதும் வளவளவென்று பேசுவார் என்று உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேச்சே இல்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் வெளியே போய் இந்த ஊருக்குப் போன் செய்தார். மறுநாள் காலை விமானத்தில் எனக்கு இடம் போட்டுவிட்டார்கள். மாற்றுத் துணிகூட இல்லை. உன் அம்மாதான் ஒரு பை கட்டி யாரிடமோ கொடுத்தனுப்பினார். அதில் மூன்று கம்பளிச் சட்டையும் காய்ந்த ஆட்டிறைச்சியும் வேதாகமமும் இருந்தன. உள்ளாடை ஒன்றுகூட இல்லை.

இங்கே என்னைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரின் பெயர் வின்டர். உயரமான ஆள். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு மட்டுமே வைத்தியம் செய்கிறாராம். அவர் ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். நம் இரண்டு பெண்களும் ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆமாம், இருவரும் பெண்கள்தான்; இதைப் போனில் சொல்ல நேரமில்லை. அந்த நஞ்சுக்கொடிக்குள் இருவருடைய இரத்தக் குழாய்களும் சில இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. ஒருத்தியின் இரத்தம் மற்றவளுக்குப் போகிறது. போனது திரும்பி வருவதில்லை. கொடுக்கிறவள் வற்றிப்போகிறாள். வாங்குகிறவளின் இதயம் அவ்வளவையும் தாங்க முடியாமல் வீங்குகிறது. சின்னவளைச் சுற்றித் தண்ணீரே இல்லை. பாலிதீன் காகிதத்தில் சுற்றி ஒட்டியதுபோல ஓரமாகச் சுவரோடு இருக்கிறாள். பெரியவள் குளத்தில் நீந்துகிறாள். என் வயிறு இப்படி ஆனதற்கு அந்தக் குளம்தான் காரணம்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் இருவருமே போய்விடுவார்கள் என்று வின்டர் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நாளை மறுநாள், புதன்கிழமை, என் வயிற்றில் ஒரு மெல்லிய குழாயை விட்டு, லேசரால் அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டு அடைப்பார்கள். எல்லாம் நன்றாக நடந்தால் இருவரும் பிழைக்கலாம். ஒருத்தி மட்டும் பிழைக்கலாம். யாருமே பிழைக்காமலும் போகலாம். எண்களையும் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருக்கிறது, உனக்குப் பிடிக்கும். வாரத்தில் ஒரு நாள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள்: வின்டர், குழந்தைகளின் இதயத்தைப் பார்க்கும் டாக்டர் அம்மா, பிறந்தவுடன் பார்த்துக்கொள்ளும் டாக்டர், மயக்க மருந்து கொடுப்பவர், தீவுகளிலிருந்து வருபவர்களுக்கு இடமும் டிக்கெட்டும் ஏற்பாடு செய்பவர். இத்தனை பேரையும் சேர்த்துக் கட்டி வைப்பது தோர்ட்டே என்ற பிரசவ நர்ஸ். அவரிடம் ஒரு முறை சொன்னால் போதும்; மறுபடி ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. நமக்கு முன்னால் இரண்டு முறை கலைந்ததையும் அவரிடம் ஒரு தடவைதான் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

என் அறையில் இன்னொருத்தி இருக்கிறாள். பெயர் அவியாயா. கிரீன்லாந்தின் வடக்கேயிருந்து மூன்று விமானம் மாறி வந்திருக்கிறாள். அவள் பையனுக்குக் குடல் வயிற்றுக்கு வெளியே வளர்கிறது. பிறந்த அன்றே உள்ளே வைத்துத் தைக்க வேண்டுமாம். அவளுடைய டேனிஷ் ஒரு மாதிரி, என்னுடையது ஒரு மாதிரி. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொள்கிறோம், நர்ஸுகள்தான் திணறுகிறார்கள். முதல் நாள் நான் அழுதுகொண்டிருந்தபோது அவள் எட்டிப் பார்த்து, "உன் ஆள் எங்க?" என்றாள். கடலில் என்றேன். "என் ஆளும்தான். எல்லா ஆம்பளைங்களும் கடல்ல. நல்ல ஏற்பாடு" என்றாள். அழுகை நின்றுவிட்டது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. உன் அம்மா தினமும் போன் செய்கிறார். சபையில் எல்லாரும் நம் பெண்களுக்காக ஜெபம் செய்கிறார்களாம்.

புதன்கிழமை முடிந்ததும் கேப்டனுக்கு இரண்டே வார்த்தையில் மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறேன். நீ வலை இழுக்கும்போது இதை நினைத்துக்கொண்டு நிற்காதே. கயிற்றின் மேல் கண் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் எல்ஸ்பா


*


போட்ஸ்ஃபியோர்ட் துறைமுகம், வட நார்வே
மார்ச் 24

என் அன்பு எல்ஸ்பாவுக்கு,

வலை இழுக்கும் வின்ச் பழுதாகி இரண்டு நாளாக இங்கே கட்டிப்போட்டிருக்கிறார்கள். கால் தரையில் பட்டதும் தலை சுற்றுகிறது, அதனால் கப்பலிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது.

மெக்கானிக் உன் கடிதத்தைப் பத்திரமாகக் கொடுத்தார். அதற்கு முன்பே லேசர் முடிந்து இருவரும் பிழைத்தார்கள் என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. அதைக் கேப்டன் ஒலிபெருக்கியில் படித்தார். மன்னித்துக்கொள். வலை இழுப்பதை ஒரு நிமிடம் நிறுத்தி எல்லாரும் கை தட்டினார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குக் கேப்டன் யாரையும் திட்டவில்லை, அதுவே பெரிய அதிசயம்.

ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. லேசருக்குப் பிறகும் சிக்கல் வரலாம் என்று போன முறை போனில் நீ சொன்னது மனதில் கிடந்தது. ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. பதினெட்டாம் தேதி என் முறை வந்ததும் போன் செய்தேன். எப்போதும் பாதி வார்த்தை காற்றோடு போய்விடும். அன்றைக்கு லைன் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. நீ பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல இருந்தது. ரெண்டும் நல்லா இருக்கா என்று கேட்டேன். "ரெண்டும் நலம்" என்றாய். உன் குரலை அவ்வளவு அமைதியாக நான் கேட்டதே இல்லை. கேபினுக்குப் போய்ப் படுத்தேன், எட்டு மணி நேரம் தூங்கினேன். அடுத்த ஷிஃப்டுக்கு என்னைக் காலைப் பிடித்து இழுத்து எழுப்பினார்களாம்.

சமையல்காரர் பால்லி உனக்குத் தெரியுமே, நாக்கில் விஷம் உள்ள கிழவர். அவர் யாரும் கேட்காமலேயே ஒரு கேக் செய்தார். மேலே கிரீமில் இரண்டு கோடு போட்டிருந்தார். இது என்ன என்று கேட்டால், "ரெண்டு பொண்ணு. எனக்கு இவ்வளவுதான் வரையத் தெரியும், பிடிக்கலைன்னா சாப்பிடாத" என்றார். நம் பெண்களுக்கு வைக்க இருபத்தாறு பேரும் பெயர் எழுதிச் சீட்டுப் போட்டார்கள். பாதிப் பேர் தங்கள் அம்மா பெயரை எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, நாம் பார்த்துக்கொள்வோம்.

எல்ஸ்பா, ஒரு விஷயம் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தில் ஒருத்தி மட்டும் பிழைக்கலாம் என்று டாக்டர் சொன்னதைப் படித்தபோது எனக்கு ஒரு பயம் வந்தது. இவர்கள் ஒரு நாள் உன்னிடம் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விட்டுவிடலாமா என்று கேட்டால் என்ன செய்வது என்று. பெரிய ஆஸ்பத்திரிகளில் அப்படிக் கேட்பார்களாம், மெக்கானிக் சொன்னார். நான் அம்மா அளவுக்கு ஜெபக்கூடத்தில் கிடக்கிறவன் இல்லை, அது உனக்கே தெரியும். ஆனால் அதற்கு என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. லேசருக்கு நான் சரி என்றது இருவரையும் காப்பாற்றுவதற்காக. எந்தப் பிள்ளை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பது மனிதர் கையில் இல்லை. நல்ல வேளை, அந்த நிலைமை நமக்கு வரவில்லை. வராது என்று உன் குரலைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது.

மே முதல் வாரத்தில் ட்ரொம்சோவில் மீனை இறக்குவோம். அங்கிருந்து விமானம். நீ ஊருக்குத் திரும்பியிருந்தால் ஊருக்கு வருகிறேன், அங்கேயே இருந்தால் அங்கே. இரண்டு தொட்டில் வேண்டும். அண்ணனிடம் ஒன்று இருக்கிறது, இன்னொன்றை நான் வந்து செய்வேன்.

உன் அறைத் தோழிக்கு என் வணக்கம். அவள் ஆளை நான் கடலில் பார்த்தால் கை காட்டுகிறேன் என்று சொல்.

நால்வரும் ஒரே வீட்டில் இருக்கும் நாளை நினைத்துக்கொண்டு,
உன் ரோயி


*


கோபன்ஹேகன்
ஏப்ரல் 22, புதன்கிழமை

அன்புள்ள ரோயிக்கு,

இந்தக் கடிதத்தை ட்ரொம்சோவில் உள்ள கப்பல் ஏஜென்டுக்கு அனுப்புகிறேன். நீ கரையில் இறங்கிய பிறகுதான் உன் கையில் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் போனில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். கடலில், ஓடுகிற கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் படிக்க வேண்டிய கடிதம் இல்லை இது. எங்கேயாவது உட்கார்ந்து படி.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னவள் உயிரோடு இருக்கிறாள். பெரியவள் இல்லை. மார்ச் இருபதாம் தேதி காலையிலிருந்து இல்லை.

நீ போன் செய்த பதினெட்டாம் தேதியன்று காலை எனக்கு ஸ்கேன் இருந்தது. லேசருக்குப் பிறகு இரண்டு வாரம் எல்லாம் தேறிக்கொண்டு வந்தது. சின்னவளைச் சுற்றித் தண்ணீர் கொஞ்சம் ஊறியது. எல்லாருமே அவளைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தோம், அவளுக்காகத்தான் நான் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். பெரியவளைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை. அன்று இதய டாக்டர் அம்மா வந்து அரை மணி நேரம் பார்த்தார். மழையில் சைக்கிளில் வந்திருந்தார், தலைமுடியிலிருந்து என் கையில் தண்ணீர் சொட்டியது. அவர் துடைக்கக்கூட இல்லை. பெரியவளின் இதயம் தோற்றுக்கொண்டிருந்தது. நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் கோத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு சின்னக் குழாய் லேசருக்குத் தப்பி இருந்திருக்கிறது. யார் மேலும் தப்பு இல்லை, அப்படி நடப்பது உண்டு என்றார் வின்டர். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படி நினைப்பவராகத் தெரியவில்லை.

மத்தியானம் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்த முறை என்னையும் உட்கார வைத்தார்கள். தோர்ட்டே என் பக்கத்து நாற்காலியில். வின்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. "மூணு வழி இருக்கு. மூணுமே நல்ல வழி இல்ல. இதைத்தான் செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க என்ன கேட்டாலும் ஒளிக்காம சொல்லுவேன்."

ஒன்று, காத்திருப்பது. பெரியவள் தானாகப் போய்விடுவாள். போகும்போது, மிச்சமிருக்கும் அந்தக் குழாய் வழியாகச் சின்னவளின் இரத்தம் அவள் பக்கம் வடிந்துவிடலாம். அப்படி நடந்தால் சின்னவளும் போவாள், அல்லது மூளை கெட்டுப் பிழைப்பாள். இரண்டாவது, மறுபடி லேசர். முதல் லேசருக்குப் பிறகு உள்ளே சவ்வு விலகியிருந்தது, அந்தக் குழாயைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று நினைத்தார்கள். மூன்றாவது, பெரியவளின் தொப்புள்கொடியை அடைத்துவிடுவது. அவள் அப்போதே போய்விடுவாள். சின்னவளின் இரத்தம் சின்னவளிடமே இருக்கும்.

பெரியவளுக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்று கேட்டேன். "ஒரு வாரம். ரெண்டு வாரம் இருந்தா எனக்கே ஆச்சரியம்." அவளைக் காப்பாற்ற இந்த உலகத்தில் எங்கேயாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். இதய டாக்டர் அம்மா இல்லை என்று தலையை அசைத்தார். மேசையில் இருந்த எல்லாரும் என்னையே பார்த்தார்கள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். மூன்றாவது வழிக்கு ஒரு குழுவின் ஒப்புதலும் வேண்டியிருந்தது, அதைத் தோர்ட்டே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கப்பலுக்குச் சேதி சொல்லி உன்னைப் பேச வைக்க அவரே முயற்சி செய்வதாகவும் சொன்னார். அதற்குத் தேவையே இருக்கவில்லை. நான் அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தேன், உன் போன் வந்தது.

லைன் சரியில்லை, நீ பேசியது கேட்கவில்லை என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். அப்படி ஒரு கடிதம் எழுதியும் வைத்திருந்தேன். அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது. லைன் கண்ணாடி மாதிரி இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். உண்மைதான், ரோயி. உன் பின்னால் யாரோ இருமியதுகூட எனக்குக் கேட்டது. நீ கேட்டாய், நான் "ரெண்டும் நலம்" என்றேன். நீ மெச்சிய அந்த அமைதி, பொய் சொல்வதென்று முடிவு செய்தவளின் அமைதி.

உன் தூக்கம் கெடக்கூடாது என்றோ, கேப்டன் பக்கத்தில் இருப்பார் என்றோ சொன்னால் அதுவும் பொய். நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கு அது தெரிய வேண்டும் என்பதில்லை. ஆறு வருஷமாக உன் பக்கத்தில் படுத்திருக்கிறேன். நீ வேண்டாம் என்றிருந்தால் நான் கேட்டிருப்பேன். கேட்டு இரண்டு பிள்ளைகளும் போயிருந்தால் உன்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்க மாட்டேன். நீ வேண்டாம் என்ற பிறகும் செய்திருந்தால் நீ என்னோடு இருந்திருக்க மாட்டாய். சொல்லாமல் செய்தால் பாவமோ குற்றமோ என் ஒருத்தியோடு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். நீ எட்டு மணி நேரம் தூங்கினேன் என்று எழுதியிருந்ததைப் படித்த அன்று, அப்படி நிற்காது என்று தெரிந்துகொண்டேன்.

அவியாயாவிடம் மட்டும் கேட்டேன், நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று. அவள், "என்னைக் கேக்காத. நீ எதைச் செஞ்சாலும் சாயங்காலம் நான் இந்தக் கட்டில்லதான் இருப்பேன்" என்றாள். சாயங்காலம் இருந்தாள்.

வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை செய்தார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள், நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். திரை என் தலைமாட்டில் இருந்தது. தோர்ட்டே குனிந்து, "திருப்பி வச்சிடவா? நீங்க பாக்கணும்னு இல்ல" என்றார். வேண்டாம் என்றேன். பெற்றவர்களில் ஒருவராவது பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அவள் கையை முகத்துக்கு மேலே வைத்திருந்தாள், வெயிலுக்கு மறைப்பது போல. கொடியைப் பிடித்தார்கள். திரையில் சிவப்பும் நீலமுமாகத் துடித்துக்கொண்டிருந்தது கொஞ்ச நேரத்தில் நின்றது. அவள் அசையவில்லை, வலித்ததாகத் தெரியவில்லை. வின்டர் உடனே சின்னவள் பக்கம் கருவியைத் திருப்பினார். அங்கே இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வின்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என் தோளைத் தொட்டார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு நீ இரண்டு முறை போன் செய்தாய். இரண்டு முறையும் அவியாயாவை எடுக்கச் சொன்னேன். ஸ்கேனுக்குப் போயிருக்கிறாள் என்று அவள் தன் டேனிஷில் சொன்னது உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். இரண்டாவது முறை போனை வைத்துவிட்டு, "இனிமே நான் எடுக்க மாட்டேன். உன் ஆள் குரல் நல்லா இருக்கு, என்னால முடியல" என்றாள்.

அவளுக்கு இந்த மாதம் ஏழாம் தேதி பையன் பிறந்தான். அன்றைக்கே குடலை உள்ளே வைத்துத் தைத்தார்கள். அடுத்த நாளே அவனைத் தொட விட்டார்களாம். இப்போது மேல் மாடியில் இருக்கிறாள். மத்தியானம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு கீழே வந்து, என் சாப்பாட்டில் பாதியைத் தின்றுவிட்டுப் போகிறாள். பையனின் படத்தை நானாகக் கேட்கும் வரை காட்டவில்லை.

உன் அம்மாவிடம் ஒன்று போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். ரோயி கரைக்கு வரும் வரை யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் போனிலேயே அழுதார். "கர்த்தர் எடுத்துக்கிட்டார், எல்ஸ்பா" என்றார். நான் ஆமாம் என்றேன். சபையில் பாட்டுப் பாடினார்களாம். அவர் என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசியதே இல்லை. ஒவ்வொரு நாளும் போன் மணி அடிக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எடுக்கிறேன். மழை எப்படி இருக்கிறது, ஆடு குட்டி போட ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

போன புதன்கிழமை சின்னவளின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். பார்க்க முடிந்த வரையில் காயம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். தோர்ட்டே அந்த வரியை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சூப் வந்தது, குடித்தேன். அவள் உதைக்கிறாள், ரோயி. வலது விலாவுக்குக் கீழே. இடது பக்கம் அமைதியாக இருக்கிறது. ஒருத்தி வளர்கிறாள், ஒருத்தி அப்படியே இருக்கிறாள், இருவரையும் சுமந்துகொண்டுதான் குளிக்கப் போகிறேன், சாப்பிடப் போகிறேன். பிரசவம் வரை அப்படித்தான். எனக்குக் கருப்பை வாயின் நீளம் குறைந்துவிட்டதாம், விமானத்தில் ஏற விட மாட்டார்கள். எந்த வாரம் வேண்டுமானாலும் வலி வரலாம். இருபத்தாறு வாரம் முடிந்திருக்கிறது. முப்பது வரை தள்ளினால் பெரிய விஷயம் என்கிறார்கள்.

நான் செய்தது சரியா என்று உன்னைக் கேட்கவில்லை. இன்னொரு முறை அந்த மேசையில் உட்கார வைத்தாலும் அதையேதான் செய்வேன். அதை மறைக்கப் போவதில்லை. உன்னிடம் பொய் சொன்னதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். நம் பெரியவளுக்காக நீ அழுதிருக்க வேண்டிய ஒரு மாதத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நீ அங்கே கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

திங்கட்கிழமை தோர்ட்டே ஒரு தாளைக் கொண்டுவந்தார். பிரசவம் எப்போது வேண்டுமானாலும் ஆகலாம் என்பதால் இப்போதே கேட்டு வைக்கிறார்கள். பெரியவள் பிறந்ததும் பார்க்க விரும்புகிறோமா, கையில் வாங்கிக்கொள்வோமா, என்ன பெயர் எழுத வேண்டும், இங்கேயே அடக்கம் செய்வதா, நம் தீவுக்கு எடுத்துப் போவதா. நாலு கேள்வி. எனக்கு நாலுக்கும் பதில் தெரியும், பேனாவும் கையில் இருந்தது. என் கணவர் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் வலி வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர் மெல்லக் கேட்டார். அப்போதும் என் கணவர்தான் சொல்ல வேண்டும், போன் போட்டுக் கேளுங்கள், உண்மையைச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். தாள் மேசை இழுப்பறையில் காலியாகத்தான் இருக்கிறது.

ஊருக்குப் போய்விட்டு வராதே. அம்மாவைப் பார்த்துவிட்டு வராதே. நேராக இங்கே வா. கோபம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா, நான் பதில் பேச மாட்டேன். பேசவே பிடிக்கவில்லை என்றால் பேசாமல் உட்கார்ந்திரு, அவியாயாவின் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் பிறக்கும்போது வெளியே நிற்காதே, ரோயி. ஒருத்தியை அவர்கள் உடனே எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். இன்னொருத்தியை வாங்கிக்கொள்ள அறையில் ஒரு கை வேண்டும்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்த்திருக்கும் என்ற நம்பிக்கையோடு முடிக்கிறேன்.

எல்ஸ்பா